பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கணுமா? (10 மீட்டர் ஏர் ரைஃபிள், சென்னை)

அக்டோபர் 19, இரவு 9.40 · அடையாறு ஆலமரம்

வெளிநாட்டில் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறவர்கள் வெடிமருந்தையும் குண்டையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துத்தான் போடுகிறார்கள். நாம் மட்டும் டப்பாவைத் திறந்து கைக்கு வந்ததைப் போட்டுச் சுடுகிறோம். பெல்லட்டை (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) ஒரு மில்லிகிராம் சுத்தமாக எடை பிரித்தால் ஒரு குண்டுக்கான சராசரி மதிப்பெண் 10.2-இலிருந்து 10.4-க்கு ஏறும் என்று ரேஞ்சில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார். நகைக்கடைத் தராசு வாங்கலாமா? யாராவது செய்து பார்த்தீர்களா?

அக்டோபர் 19, இரவு 10.25 · காரீயம்

தராசு வாங்குங்க, ஆனா கடைசியா வாங்குங்க.

ரீலோடிங்கோட, அதாவது தோட்டாவைத் திரும்ப நிரப்பறதோட, இதை ஒப்பிடறதுலயே ஒரு சறுக்கல் இருக்கு. அவங்க நிறுத்துப் போடற மருந்துதான் அங்கே வேகத்தைத் தீர்மானிக்குது. நமக்கு மருந்து கிடையாது, காற்றுதான் மருந்து. அதை அளந்து கொடுக்கறது ரைஃபிளுக்குள்ள இருக்கற ரெகுலேட்டர், அழுத்தத்தைச் சீரா வைக்கற பாகம். அவங்க தராசைப் பார்த்துப் படற கவலையை நாம ரெகுலேட்டரைப் பார்த்துப் படணும்.

கணக்கு போடுவோம். மேட்ச் பெல்லட் (போட்டிக்குச் சுடறது) 0.53 கிராம், வேகம் சுமார் 170 மீ/நொடி. 10 மீட்டர் போக 0.06 நொடி. அதுக்குள்ள புவியீர்ப்பு இழுக்கற இறக்கம் ஏறக்குறைய 17 மி.மீ. பெல்லட் எடை 10 மில்லிகிராம் கூடினா கிட்டத்தட்ட 1.9 சதவீதம். வேகமும் அவ்வளவு குறையும், இறக்கம் அதுக்கு இரு மடங்கு மாறும். 0.65 மி.மீ. கீழே போகும்.

ரைஃபிள் இலக்கில் 0.1 மதிப்பெண்ணுக்கு ஒரு படி, அது 0.25 மி.மீ. அப்போ 10 மில்லிகிராம் = ரெண்டரைப் படி. கேக்க பயமா இருக்கும். ஆனா நல்ல மேட்ச் டப்பாவில் 10 மில்லிகிராம் வித்தியாசம் வர்றதே அபூர்வம்.

அக்டோபர் 20, காலை 6.50 · காரீயம்

நேத்து ராத்திரி எழுதின கணக்கு தப்பு. எடை 1.9 சதவீதம் கூடினா வேகமும் 1.9 சதவீதம் குறையும்னு போட்டுட்டேன். காற்று கொடுக்கற ஆற்றல் ஒண்ணுதான்னு வெச்சா வேகம் எடையோட வர்க்கமூலத்துக்குத்தான் மாறும். அதாவது பாதி, 0.95 சதவீதம். இறக்க மாற்றம் 0.33 மி.மீ. ரெண்டரைப் படி இல்லை, ஒண்ணேகால் படி. கனமான பெல்லட் காற்றுக் கிட்டேருந்து கொஞ்சம் கூடுதலா ஆற்றல் வாங்கிக்கும், அதனால நிஜத்தில் இதைவிடவும் குறைவு.

ஒரு டப்பாவுக்குள்ள 3, 4 மில்லிகிராம்தான் வித்தியாசம்னா அரைப் படி கூட இல்லை. 10.2 சராசரியில் சுடறவர் மையத்திலிருந்து சராசரியா 2 மி.மீ. தள்ளி அலையறார். அவருக்கு 0.1 மி.மீ. திருத்தம் காவிரியில் கரைச்ச பெருங்காயம்.

அக்டோபர் 20, இரவு 8.15 · அடையாறு ஆலமரம்

0.25 எப்படி வந்தது? 10-ஆம் வளையமே 0.5 மி.மீ. புள்ளிதானே?

அக்டோபர் 20, இரவு 9.30 · காரீயம்

புள்ளி 0.5 மி.மீ., கடுகைவிடச் சின்னது. ஆனா பெல்லட் 4.5 மி.மீ. அதோட ஓரம் புள்ளியைத் தொட்டாலே 10.0. புள்ளியின் ஆரம் 0.25, பெல்லட்டின் ஆரம் 2.25, கூட்டினா 2.5 மி.மீ. ஓட்டையின் மையம் இந்த 2.5-க்குள்ள இருந்தா பத்து. அதைப் பத்துப் படியா வெட்டினா படிக்கு 0.25. மையத்திலிருந்து 0.25-க்குள்ள விழுந்தா 10.9, அதுக்கு மேல எதுவும் இல்லை. 60 குண்டுக்கு உச்சம் 654.0.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவோட கடைசிக் குண்டு 10.8. அதாவது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள்ள. அந்த அளவுக்குச் சுடறவருக்குப் பெல்லட் பத்தி யோசிக்க நியாயம் இருக்கு. நமக்கு முதல்ல மூச்சும் தோளும்.

பிஸ்டல்காரங்க இந்த இழையைத் தாண்டிப் போகலாம். அங்கே 10-ஆம் வளையம் 11.5 மி.மீ., ஒரு படி 0.8 மி.மீ. அதுவும் தகுதிச் சுற்றில் முழு எண்தான் கணக்கு.

அக்டோபர் 26 · வேளச்சேரி வெள்ளம்

சரி சார், தராசு வேண்டாம். அப்ப எதைப் பார்க்கணும்? டப்பா அடியில 4.49, 4.50னு எழுதியிருக்கே, அதுவா?

அக்டோபர் 26, இரவு 11.05 · காரீயம்

அதேதான். அது தலை விட்டம். பெல்லட் தலை, இடுப்பு, ஸ்கர்ட்னு (விரிஞ்ச வால்) மூணு பகுதி. தலை ரைஃபிளிங் மேல, அதாவது பேரல்னு சொல்ற குழலுக்குள்ள இருக்கற சுருள் வரி மேல, சவாரி போகும், ஸ்கர்ட் காற்றழுத்தத்தில் விரிஞ்சு பேரலை அடைக்கும். தலை 4.48-லிருந்து 4.52 வரைக்கும் 0.01 படியில் வரும். உங்க பேரலுக்கு எது பிடிக்கும்னு பேரலைத்தான் கேக்கணும். பக்கத்து லேன்காரர் ரைஃபிள் அதே கம்பெனி, அதே மாடலா இருந்தாலும் அவருக்குப் பிடிச்சது உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்லை.

சோதிக்கற முறை:

ரைஃபிளை வைஸில் (மேசையில் பொருத்தற இறுக்கி) பிடிக்கணும். பிடி ரிசீவர்ல (பேரல் பொருந்தற உடல் பகுதி) இருக்கணும், பேரல்ல வேண்டவே வேண்டாம். வைஸ் தாடைக்கு நடுவில் மரமும் தோலும் வெச்சு, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்க. ரைஃபிளோட காற்றுச் சிலிண்டரில் பாதிக்கு மேல காற்று இருக்கட்டும். பெல்லட் மாத்தினதும் முதல் 5 குண்டை எண்ணவே வேண்டாம், முந்தின பெல்லட்டோட ஈயப் பூச்சும் எண்ணெய்ப் பூச்சும் பேரல்ல இருக்கும். அப்புறம் 10 குண்டு ஒரே இடத்தில். தலை அளவு ஒவ்வொண்ணுக்கும் இப்படி மூணு தடவை.

5 குண்டு குரூப் (ஒரே இடத்தில் சுட்ட ஓட்டைகளோட கூட்டம்) பார்த்து முடிவு பண்ணாதீங்க. குண்டு எண்ணிக்கை குறைஞ்சாலே குரூப் சின்னதாத் தெரியும், அது பெல்லட்டோட திறமை இல்லை. 5 குண்டு குரூப்பை நாலு தடவை சுட்டு, அதில் அழகானதை போன்ல படம் பிடிச்சுக் காட்டறது நம்ம ஊர்ப் பழக்கம்.

அளக்கறது வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம். அதில் 4.5-ஐக் கழிச்சா மையத்திலிருந்து மையம். 10 குண்டுக்கு வெளி அளவு 5.5-க்குள்ள வந்தா (மைய அளவு 1 மி.மீ.) அந்தப் பெல்லட்டோட நிம்மதியா குடித்தனம் பண்ணலாம். காகிதத்தில் ஓட்டை நிஜ பெல்லட்டைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் விழும், அதனால வெர்னியரைக் காகித ஓரத்தில் வெச்சு ஏமாறாதீங்க. ஓட்டையைச் சுத்தி இருக்கற கறுப்புத் தடம்தான் ஓரம்.

அக்டோபர் 27 · காரீயம்

விட்டுப்போச்சு: பிடிச்ச தலை அளவு கிடைச்சதும் டப்பா அடியில இருக்கற லாட் எண்ணையும் (ஒரே தடவையில் தயாரிச்ச தொகுதியோட எண்) குறிச்சுக்கங்க. 4.50 எழுதியிருக்கற எல்லா டப்பாவும் ஒண்ணு இல்லை. அச்சு தேயும், மாத்துவாங்க. லாட் பிடிச்சிருந்தா அதே லாட்ல ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வைங்க. 500 குண்டு டப்பா ஒண்ணு, சைட்டரும் (மதிப்பெண்ணில் சேராத முன்னோட்டக் குண்டு) சேர்த்தா ஆறு மேட்ச் தாங்கும். அந்தக் கணக்கில் போடுங்க.

.22 ரிம்ஃபயர் சுடறவங்களும் இதைத்தான் பண்றாங்க. அந்தத் தோட்டாவில் பற்றவைக்கற ரசாயனம் அடி விளிம்புக்குள்ள இருக்கு. ஒரு தடவை நசுங்கினா அவ்வளவுதான், திரும்ப நிரப்பற பேச்சே இல்லை. அதனால ரீலோடிங் தெரிஞ்ச நாட்டிலயும் .22-காரங்க லாட் சோதிச்சுத்தான் வாங்கணும். ஆலமரம் சார் ஒப்பிட வேண்டிய ஆள் அவங்கதான்.

நவம்பர் 3 · திருவான்மியூர் குருவி

என் டப்பாவில் பெல்லட் மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. துடைச்சுட்டுச் சுடலாமா?

நவம்பர் 3, இரவு · காரீயம்

சுடாதீங்க, துடைக்காதீங்க, ஊதாதீங்க. அது ஈயம் துருப்பிடிச்சது, ஈயக் கார்பனேட். பேரலைச் சுரண்டும், உடம்புக்குள்ள போனா விஷம். அந்த டப்பாவை ஒரு ஜிப் பையில் போட்டு மூடுங்க. பேட்டரி ஈயம் எடுக்கற அங்கீகரிச்ச மறுசுழற்சிக்காரங்க கிட்டத்தான் போகணும், குப்பைத் தொட்டிக்கு இல்லை.

எங்கே வெச்சிருந்தீங்க?

நவம்பர் 4 · திருவான்மியூர் குருவி

சமையலறைப் பக்கத்து மர அலமாரி. கீழ்த்தட்டு. மேல்தட்டில் அம்மா ஊறுகாய்.

நவம்பர் 4, இரவு 10.10 · காரீயம்

ரெண்டு குற்றவாளியும் ஆஜர்.

ஈயத்துக்கு எமன் அசிட்டிக் அமில ஆவி. வினிகர் ஊறுகாய்லருந்து வரும், பிளைவுட்டிலிருந்தும் சில மரத்திலிருந்தும் தானாவே கசியும். கூடவே ஈரம். வடகிழக்குப் பருவமழையில் கடலோரத்து வீட்டில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அருங்காட்சியகங்கள் ஈயப் பொருளை மரப் பெட்டியில் வைக்க யோசிக்கறது இதனாலதான்.

செய்ய வேண்டியது: டப்பாவை அப்படியே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போடுங்க. சிலிக்கா ஜெல் பை ஒண்ணு. நிறம் மாறற ஜெல்லா இருந்தா எப்போ காயவைக்கணும்னு தெரியும். இரும்பு பீரோ நல்லது, மர அலமாரி வேண்டாம். பாதி பயன்படுத்தின டப்பாவை ரேஞ்ச் பையிலேயே வியர்வைத் துண்டோட வைக்கறது இன்னொரு வழக்கமான தப்பு.

சோப்புத் தண்ணியில் பெல்லட்டைக் கழுவி, காயவெச்சு, எண்ணெய் தடவறதைப் பத்திச் சிலர் எழுதறாங்க. மேட்ச் பெல்லட்டுக்கு அது தேவையில்லை. சென்னையில் ஸ்கர்ட் உள்ளே இருக்கற ஈரம் சரியாக் காயாது, நீங்களே துருவுக்கு விதை போடறீங்க. புளி, எலுமிச்சை போட்டு விளக்கறது பத்தி யாரும் யோசிக்கக்கூட வேண்டாம். இது குத்துவிளக்கு இல்லை.

நவம்பர் 5 · வேளச்சேரி வெள்ளம்

ஈயச் சொம்பில் ரசம் வைக்கறோமே, அது மட்டும் விஷம் இல்லையா? :)

நவம்பர் 5 · காரீயம்

ரசச் சொம்பு வெள்ளீயம். பெல்லட் காரீயம். தமிழில் ரெண்டுக்கும் ஈயம்னு பேர் வெச்சதுதான் வம்பு. நல்ல வெள்ளீயச் சொம்பில் காரீயம் கலந்திருக்கக் கூடாது, அது வாங்கற இடத்தில் பார்க்க வேண்டிய விஷயம். காரீயம் தொட்ட கையால ரசம் சாதம் பிசையாதீங்க, இங்கே அதுதான் பாடம். சுட்டு முடிச்சதும் குளிர்ந்த தண்ணி, சோப்பு. சானிடைசர் ஈயத்தை எடுக்காது. பெல்லட்டை உதட்டில் கவ்வி வெச்சுக்கற பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கு, கண்ணால பார்த்தா தட்டிவிடுங்க. குண்டு விழற பெட்டியைப் பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க. பழைய பெல்லட்டை உருக்கித் தூண்டில் ஈயம் செய்யறேன்னு வீட்டு அடுப்பில் ஏத்தறதும் வேண்டாம். பிள்ளைகள் இருக்கற வீட்டில் சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 23 · அடையாறு ஆலமரம்

தராசு வாங்கிவிட்டேன். மன்னிக்கவும். ஒரே பெல்லட்டை மூன்று தடவை வைத்தால் மூன்று எடை காட்டுகிறது. 0.531, 0.534, 0.529. தராசு மோசமா?

நவம்பர் 23, இரவு · காரீயம்

மின்விசிறியை நிறுத்துங்க.

நிறுத்தியாச்சா? ஏசியையும். 0.001 கிராம் காட்டற தராசுக்கு ஒரு மூச்சுக் காற்றே எடை. கண்ணாடி மூடி கூட வந்திருந்தா போடுங்க, இல்லேன்னா ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்துங்க. தராசை ஆன் பண்ணி இருபது நிமிஷம் சும்மா விடுங்க. ஏசி அறையிலிருந்து வெளி அறைக்கு எடுத்துட்டு வந்தா இன்னும் கூடுதலா. கூட வந்த எடைக்கல்லைக் கையால தொடாம சாமணத்தில் எடுத்து அளவு சரிபாருங்க, விரல் எண்ணெய் கல்லோட எடையில் சேரும். பத்துப் பெல்லட்டுக்கு ஒரு தடவை பூஜ்யம் பாருங்க. கிரானைட் மேடை நல்லது. பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடினா உருப்படாது.

தராசு 0.001 காட்டுதுன்னா 0.001 அளக்குதுன்னு அர்த்தமில்லை. ஒரே பெல்லட்டைப் பத்துத் தடவை எடுத்து எடுத்து வைங்க. அதில் வர்ற பரவல்தான் தராசோட உண்மையான யோக்கியதை. அது 3 மில்லிகிராம்னா அதைவிடச் சின்ன பிரிவு போட்டுப் பெட்டி பெட்டியா அடுக்கறது சீட்டாட்டம்.

நவம்பர் 24 · காரீயம்

எடை பிரிக்கறதைவிட உபயோகமான ரெண்டு சோதனை இருக்கு. ரெண்டுக்கும் தராசு வேண்டாம்.

ஒண்ணு, ஸ்கர்ட் பார்க்கறது. டப்பா கூரியர்ல குலுங்கி வரும்போது ஈயம் ஈயத்தோட மோதி ஸ்கர்ட் ஓரம் நசுங்கும். சரிவா வெளிச்சம் விழற மாதிரி டேபிள் லாம்ப் வெச்சு, பெல்லட்டைத் தலைகீழா ஒரு தட்டில் நிறுத்திப் பாருங்க. நீள்வட்டமா இருக்கறது, ஓரம் மடங்கினது, உள்ளே ஈயத் துணுக்கு ஒட்டினது எல்லாம் பயிற்சிக்கு. இதுமாதிரி ஒண்ணு தருகிற தப்பு பத்து மில்லிகிராம் எடை வித்தியாசம் தருவதைவிடப் பெரிசு.

ரெண்டு, உருட்டறது. கண்ணாடித் தட்டை ஒரு ஓரத்தில் ரெண்டு தீப்பெட்டிக் குச்சி உயரத்துக்குத் தூக்கி, மேல் ஓரத்திலிருந்து ஒரே இடத்தில் விடுங்க. தலையைவிட ஸ்கர்ட் பெரிசு, அதனால நேரா உருளாது, தலைப் பக்கம் வளைஞ்சு வில் மாதிரி போகும். கீழே கோடு போட்ட தாள். ஒரே தலை, ஒரே ஸ்கர்ட் இருக்கறதெல்லாம் ஒரே கட்டத்தில் விழும். தள்ளாடிப் போறது நசுங்கினது. தலை அளவு மாறினது வேற கட்டத்தில் விழும். பள்ளிக்கூடக் கோலிகுண்டு விளையாட்டு மாதிரிதான், ஆனா 0.01 மி.மீ. வித்தியாசத்தைத் தராசு காட்டாது, இது காட்டும்.

டிசம்பர் 8 · வேளச்சேரி வெள்ளம்

ஒரு சந்தேகம். பழைய ஸ்பிரிங் ஏர்கன்ல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா புகை வருது, வேகமும் ஏறுது. ஃப்ரீயா பவர்.

டிசம்பர் 8, இரவு 9.50 · காரீயம்

ஃப்ரீ இல்லை, வட்டிக்கு வாங்கறீங்க. பிஸ்டன் காற்றை நொடியில் நசுக்கும்போது அது சூடாகி எண்ணெயைப் பத்தவைக்குது, டீசல் இன்ஜின் மாதிரி. ஒரு குண்டு 20 மீ/நொடி கூடப் போகும், அடுத்தது அப்படிப் போகாது. குரூப் ஒழிஞ்சது. பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் ஒடியும். எரியற எண்ணெய் எதுவும் அழுத்த அறைக்குள்ள போகக் கூடாது. அதுக்குன்னு இருக்கற சிலிகான் எண்ணெய், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், சொன்ன சொட்டு.

சட்ட விஷயமும் சேர்த்துச் சொல்லிடறேன். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். மேட்ச் ரைஃபிள் 7.5, 8 ஜூல்தான், அதுக்கு மேல இந்த விளையாட்டுக்குத் தேவையும் இல்லை. மருந்து திணிக்கற நாட்டுத் துப்பாக்கி வேற உலகம், உரிமம் இல்லாம கை வைக்க முடியாது. அதைப் பத்தி இங்கே கேள்வி போடறவங்களுக்கு என் பதில் மௌனம்.

டிசம்பர் 9 · காரீயம்

தேங்காய் எண்ணெய்னதும் ஞாபகம் வந்தது: சிலிண்டர் ரைஃபிள் வெச்சிருக்கறவங்க நிரப்பற வாயில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ், மெல்லிசா. அதைவிட முக்கியம், ஆக்சிஜன் சிலிண்டர்லருந்து ஒருநாளும் நிரப்பாதீங்க. மெடிக்கல் கடையில் சுலபமாக் கிடைக்குதுன்னு கேட்டவங்க உண்டு. அழுத்தமான ஆக்சிஜனும் துளி கிரீஸும் சேர்ந்தா வெடிக்கும். சுவாசிக்கற தரத்தில் உலர்ந்த காற்று, அது மட்டும்தான்.

டிசம்பர் 15 · திருவான்மியூர் குருவி

கைப்பம்பில் நிரப்பலாமா? டைவிங் சிலிண்டர் வாங்க வசதி இல்லை.

டிசம்பர் 15, இரவு 10.40 · காரீயம்

நிரப்பலாம், ஆனா நீங்க கடற்கரையில் இருக்கீங்க. கணக்கைப் பாருங்க.

30 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணி. மேட்ச் சிலிண்டர் 0.2 லிட்டர்னு வெச்சுக்கங்க. 200 பாருக்கு (பார்ங்கறது அழுத்த அளவு) நிரப்பினா 40 லிட்டர் காற்றை உள்ளே திணிக்கறீங்க. அதில் 0.9 கிராம் தண்ணி. அவ்வளவு சின்ன இடத்தில் ஆவியா நிக்கக்கூடியது 0.006 கிராம்தான். மீதி முழுக்க நீர்த்துளி. அது ரெகுலேட்டருக்குள்ள போகும்.

பம்பில் தண்ணி பிரிக்கற அறையும் உலர்த்தியும் இருந்தா இதில் பெரும்பகுதி அங்கேயே நிக்கும். அதனால உலர்த்தி இல்லாத பம்பை வாங்காதீங்க. 50 தடவை அடிச்சதும் நிறுத்தி, கழிவுத் திருகைத் திறந்து ஊதிவிடுங்க, பம்பும் அஞ்சு நிமிஷம் ஆறட்டும். சூடான பம்பில் சீல் சீக்கிரம் போகும், தண்ணியும் பிரியாது. உலர்த்திப் பொருளை மழைக்காலத்தில் அடிக்கடி மாத்துங்க. நிறைய பேர் அது உள்ளே இருக்கறதையே மறந்துடறாங்க.

டிசம்பர் 16 · காரீயம்

40 லிட்டர்ங்கறது காலி சிலிண்டருக்கு. யாரும் காலியாகற வரைக்கும் சுடறதில்லை. 80-இலிருந்து 200-க்கு ஏத்தறதுன்னா 24 லிட்டர், அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல தண்ணி. வாரம் ரெண்டு தடவைன்னா மாசத்துக்கு ஒரு தேக்கரண்டி. போதுமா?

ஜனவரி 11 · அடையாறு ஆலமரம்

எடை பிரித்ததில் 500-இல் பெரும்பாலானவை 4 மில்லிகிராமுக்குள் அடங்கிவிட்டன. வைஸில் எடை பிரித்ததும் பிரிக்காததும் குரூப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம்: ஒவ்வொரு தொடரிலும் முதல் குண்டு மட்டும் மேலே போகிறது. ஸ்கர்ட் பார்த்துப் பொறுக்கிய பெல்லட்தான்.

ஜனவரி 11, இரவு 11.20 · காரீயம்

இதோ, முதல் நாள் சொன்ன காற்று.

ரெகுலேட்டர் வேலை, 200 பாரை ஒரே நிலையான தாழ்ந்த அழுத்தமா மாத்திக் கொடுக்கறது. உள்ளே இருக்கற வால்வு சீட்டில் (மூடி உட்கார்ற இடம்) தூசியோ நீர்த்துளியோ தேய்மானமோ வந்தா அது முழுசா மூடாது. ரைஃபிள் சும்மா இருக்கற நேரத்தில் காற்று மெல்லக் கசிஞ்சு அழுத்தம் ஏறும். முதல் குண்டு அந்தக் கூடுதல் அழுத்தத்தில் போகும், அடுத்ததெல்லாம் ஒழுங்கு.

உறுதி பண்ண ஒரு குரோனோகிராஃப் (குண்டோட வேகத்தை அளக்கற கருவி) போதும். ரேஞ்சில் யார்கிட்டயாவது இருக்கும். பேரல் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்க்கோட்டில். சில எல்இடி டியூப்லைட்டோட துடிப்பு ஒளி சென்சாரைக் குழப்பும், எண் தாறுமாறா வந்தா விளக்கை மாத்திப் பாருங்க, ரைஃபிளைத் திட்டாதீங்க. 10 குண்டு சுட்டு எழுதுங்க. பத்து நிமிஷம் ரைஃபிளைத் தொடாம விடுங்க. அப்புறம் ஒரு குண்டு. அது மட்டும் 3, 4 மீ/நொடி கூட இருந்தா ரெகுலேட்டர்தான். 1 மீ/நொடிக்கு 0.2 மி.மீ. வீதம் கணக்கு போடுங்க, நீங்க பார்க்கற உயரம் சரியா வரும்.

வேகப் பரவல் பத்து குண்டுக்கு 2, 3 மீ/நொடிக்குள்ள இருந்தா ஆரோக்கியம்.

ரெகுலேட்டரை வீட்டில் கழட்டாதீங்க. காற்று இல்லைன்னு நினைச்சுத் திருகறப்போ உள்ளே காற்று இருந்தா கண் போகும். பயிற்சி உள்ள சர்வீஸ்காரர் கிட்டக் கொடுங்க.

ஜனவரி 28 · வேளச்சேரி வெள்ளம்

எங்க பக்கத்து குருநானக் கல்லூரி ரேஞ்சில் கேலோ இந்தியா போட்டி நடந்தப்போ (2024) பார்த்தது, பசங்க மேட்ச் முன்னாடி பேரலுக்குள்ள பஞ்சு மாதிரி ஏதோ சுட்டாங்க. என்ன அது?

ஜனவரி 28 · காரீயம்

ஃபெல்ட் துடைப்பான். ப்ரீச்லருந்து (குண்டு போடற பின் வாய்) ரெண்டு மூணு வெச்சுச் சுட்டா ஈயத் தூசு வெளியே வரும். 500 குண்டுக்கு ஒரு தடவைன்னா தாராளம். ஸ்பிரிங் கன்ல ஃபெல்ட்டைச் சுடக் கூடாது, எடை ரொம்பக் குறைவு, பிஸ்டன் முனையில் மோதும். இரும்புக் கம்பி எதுக்கும் வேண்டாம். துடைச்சதும் 10, 20 பெல்லட் போட்டுப் பேரலைப் பழக்கப்படுத்துங்க, உடனே குரூப் எடுத்துட்டு "துடைச்சதும் கெட்டுப்போச்சு"ன்னு எழுதாதீங்க.

மேட்ச் அன்னைக்குத் துடைக்கறவங்களை எனக்குப் புரியலை. முந்தின நாள் பண்ணலாம்.

ஜனவரி 29 · காரீயம்

மேலே எழுதினதில் ஒரு திருத்தம். மேட்ச் அன்னைக்குத் துடைச்சாலும் தயாரிப்பு நேரமும் சைட்டரும் 15 நிமிஷம் உண்டு, சைட்டருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அதுக்குள்ள பேரல் பழகிடும். பசங்க பண்ணது தப்பில்லை. வாபஸ்.

பிப்ரவரி 16 · திருவான்மியூர் குருவி

ஃபிளாட்டில் 10 மீட்டர் கிடைக்கலை. ஹாலிலிருந்து படுக்கையறை வரைக்கும் 5 மீட்டர். இலக்கைப் பாதி அளவில் அச்செடுத்தா சரிதானே?

பிப்ரவரி 16 · காரீயம்

குறி பார்க்கப் பழக சரி. மதிப்பெண்ணுக்கு இல்லை. இலக்கைப் பாதியாக்கலாம், பெல்லட்டைப் பாதியாக்க முடியாது. 4.5 மி.மீ. ஓட்டை பாதி இலக்கில் விழுந்தா எல்லாமே பத்து மாதிரித் தெரியும். ஓட்டையோட மையத்தை அளந்து ரெண்டால பெருக்குங்க, அதுதான் நிஜம். சைட் (குறி பார்க்கற பாகம்) அமைப்பும் வேற வரும், ரேஞ்ச் போறப்போ திருப்பணும்.

பின்னாடி 45 டிகிரி சாய்ஞ்ச இரும்புத் தகடு, மூடின பெட்டிக்குள்ள. வெறும் சுவரும் நேர்த் தகடும் குண்டைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி போட்டுக்கங்க. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் எந்தக் கதவு வழியாவும் ஆள் வர முடியாதுன்னா மட்டும். மொட்டை மாடி கூடாது. நிஜமாச் சொன்னா, வீட்டில் குண்டில்லாம ட்ரிகர் மட்டும் பழகுங்க, மேட்ச் ரைஃபிள்ல அதுக்குன்னு தனி நிலை இருக்கு. ஈயமும் இல்லை, அம்மா சண்டையும் இல்லை.

மே 6 · அடையாறு ஆலமரம்

ரெகுலேட்டர் சீட் மாற்றியாயிற்று, முதல் குண்டு அடங்கிவிட்டது. இப்போது புதுக் கவலை. காரில் வைத்த சிலிண்டர் மானி 200-ஐத் தாண்டி நிற்கிறது. நிரப்பும்போது சரியாக 200 வைத்தேன்.

மே 6, இரவு 9.15 · காரீயம்

கத்திரி வெயில். 25 டிகிரியில் 200 பார் நிரப்பினது 60 டிகிரி கார் டிக்கியில் 223 ஆகும். மானி பொய் சொல்லலை. நிழலுக்குக் கொண்டுவாங்க, தானா ஆறட்டும். தண்ணி ஊத்தாதீங்க, ஏசி காற்றுக்கு நேரா வைக்காதீங்க. இனிமே வெயில் காலத்தில் 180-க்கு மேல நிரப்பாம எடுத்துட்டுப் போங்க, 60 குண்டு மேட்சுக்குத் தாராளம்.

சிலிண்டர் மேல அச்சிட்டிருக்கற தேதியையும் பாருங்க. மேட்ச் சிலிண்டருக்குப் பொதுவா தயாரிச்ச தேதியிலிருந்து 10 வருஷம்தான் ஆயுள். தேதிக்குள்ள இருக்கான்னு பார்க்கறது சுடறவர் பொறுப்புன்னு சர்வதேச விதியே சொல்லுது. செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் வாங்கினவங்க முதல்ல பார்க்க வேண்டியது அது, பேரல் இல்லை.

மே 7 · அடையாறு ஆலமரம்

2014 என்று இருக்கிறது.

மே 7 · காரீயம்

நிரப்பாதீங்க. இருக்கற காற்றை மெதுவா வெளியேத்திட்டு ஓரமா வைங்க. தராசை வித்தா புது சிலிண்டருக்குக் கொஞ்சம் தேறும்.